கொடையாளர் வழிப் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்வது எப்படி

கருத்தரிப்பு மையத்தில் டோனர் முட்டை அல்லது டோனர் விந்து என்ற முடிவுக்கு வரும் தம்பதியர் கையெழுத்திடும் தாள்களில், கொடையாளர் யாரென்று அவர்களுக்குச் சொல்லப்படாது என்றும், அவர்கள் யாரென்று கொடையாளருக்குச் சொல்லப்படாது என்றும் எழுதியிருக்கும். பலர் இந்த வாசகத்தை, பிறக்கும் பிள்ளையிடமும் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையாகவே எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் மையத்தையும், கொடையாளரின் முட்டையையும் விந்தையும் பெற்றுத் தரும் வங்கியையும்தான் இரகசியம் காக்கச் சொல்கிறது. தாயும் தந்தையும் தம் பிள்ளையிடம் நடந்ததைச் சொல்வதை அது தடுக்கவில்லை. கொடையாளரின் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கும்போதே, கொடை என்ற ஒன்று நடந்தது என்பதைப் பிள்ளை அறிந்து வளர முடியும். அதற்கான வழியே இங்கே விளக்கப்படுகிறது. சொல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

அந்த நிலைப்பாட்டுக்குக் காரணம் மிக எளிது. இந்த இரகசியத்தைக் கணவன் மனைவி இருவர் மட்டுமே வைத்திருப்பது அரிது. மையத்துக்குத் துணைக்கு வந்த தாய்க்கும், பணம் கொடுத்த அண்ணனுக்கும், அழுதபோது தேற்றிய தோழிக்கும் ஏதோ ஓரளவு தெரிந்திருக்கும். அவர்களில் எவரும் தீய எண்ணத்தோடு சொல்லப் போவதில்லை. ஆனால் சொத்துப் பிரிவினையின்போதோ, ஒரு கல்யாண வீட்டுச் சண்டையிலோ, மூப்பின் மறதியிலோ வார்த்தை வெளியே வந்துவிடும். அதற்கு மேல், பள்ளி அடையாள அட்டையிலேயே இரத்த வகை அச்சிடப்படும் ஊர் நம்முடையது. தாயும் தந்தையும் ஓ வகையாக இருந்தால் அவர்களுடைய கருவணுக்களால், அதாவது முட்டையாலும் விந்தணுவாலும், பிறக்கும் பிள்ளையும் ஓ வகையாகத்தான் இருக்கும் என்பதை மேல்நிலைப் பள்ளி உயிரியல் பாடமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மையங்கள் இரத்த வகையைப் பொருத்திப் பார்த்தே கொடையாளரைத் தேர்வதற்கு இத்தகைய கேள்வி எழாமல் தடுப்பதும் ஒரு காரணம். அந்தப் பொருத்தம் எப்போதும் அமைந்துவிடுவதில்லை.

சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டியவை

பிள்ளையிடம் என்ன சொல்ல முடியும் என்பது, சிகிச்சைக்கு முன்பு நீங்கள் எதைக் கேட்டு வாங்கி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பின்னாளில் போய்க் கேட்டால் கிடைப்பது குறைவு. இந்தியச் சட்டப்படி விந்துக் கொடையாளரின் வயது 21 முதல் 55 வரையும், கருமுட்டைக் கொடையாளரின் வயது 23 முதல் 35 வரையும் இருக்க வேண்டும். இருவரையும் பதிவு செய்வதும் பரிசோதிப்பதும் வங்கியின் வேலை. எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனை கட்டாயம். வங்கியிடம் கொடையாளரின் பெயர், ஆதார் எண், முகவரி எல்லாம் இருக்கும். அவை உங்களுக்குக் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். கொடையாளரின் வயது, உயரம், இரத்த வகை, படிப்பு, தொழில், அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் உண்டா என்பது, குடும்பத்தில் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய், மனநோய் இருந்ததா என்பது, தலசீமியா போன்ற மரபுவழி இரத்த நோய்களுக்குப் பரிசோதிக்கப்பட்டாரா என்பது ஆகியவற்றைப் பெயரில்லாமல் எழுதித் தரும்படி கேளுங்கள். எல்லாவற்றையும் தர மையத்தால் இயலாமல் போகலாம். வாய்மொழியாகச் சொன்னதையாவது அன்றைய தேதியிட்டு நீங்களே எழுதி வையுங்கள்.

சாதியைக் கேட்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இருபது வயதில் உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படப்போவது கொடையாளரின் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்ற தகவல். அதைக் கேட்க மறந்து சாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெற்றோரிடம் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, மையம் தன் பதிவேடுகளைக் குறைந்தது பத்து ஆண்டுகள் வைத்திருந்து பிறகு இத்தகைய சிகிச்சைகளுக்கான தேசியப் பதிவகத்தின் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். பிள்ளை கேள்வி கேட்கும் வயதுக்கு வரும்போது மையம் வேறு கைக்கு மாறியிருக்கலாம், மருத்துவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆகவே ஒப்புதல் படிவங்களின் நகல், மையத்தின் பதிவு எண், வங்கியின் பெயர், கருவை வைத்த தேதி, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, பிறப்புச் சான்றிதழும் சொத்துப் பத்திரமும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது பிள்ளையைப் பற்றியும் இந்த நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் கருமுட்டை கொடுக்கலாம், அதிலும் ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது; ஒரு கொடையாளரின் கருவணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கவும் கூடாது. எனவே இரு பிள்ளைகளும் ஒரே கொடையாளர் வழியாக, உடன்பிறப்பு என்ற சொல்லின் எல்லாப் பொருளிலும் உடன்பிறப்புகளாக இருக்க வேண்டுமென்று விரும்பினால், அதே சுழற்சியில் உருவான கருக்களை உறைநிலையில் வைக்கச் சொல்லலாம். அதற்கும் பத்தாண்டு வரம்பு உண்டு.

சொந்த அக்கா அல்லது தங்கையின் முட்டையையே வாங்கிக்கொள்ளலாமா என்பது குடும்பங்களில் எழும் இயல்பான கேள்வி. உறவினரோ தெரிந்தவரோ கொடையாளராகக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே கூறின. இன்றைய சட்டமும் எல்லாக் கொடையையும் வங்கி வழியாகவே கொண்டுவருகிறது.

குலம், பங்காளி, தாய்மாமன்

சொல்லத் தயங்குவதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. தயக்கமெல்லாம் உறவுமுறையில் இருக்கிறது. விந்துக் கொடை என்றால் தந்தையின் கவலை குலதெய்வத்தைப் பற்றியது: நம் கோயிலில் இந்தப் பிள்ளைக்கு முடி இறக்கலாமா, பங்காளிகள் என்ன சொல்வார்கள், எனக்குக் கொள்ளி வைக்கும் உரிமை இவனுக்கு உண்டா. கருமுட்டைக் கொடை என்றால் தாயின் கவலை தன் பிறந்த வீட்டைப் பற்றியது: என் தம்பி இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன்தானா, அவன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தலாமா. இவற்றை அற்பக் கவலைகள் என்று ஒதுக்கிவிட்டு அறிவியல் பேசும் ஆலோசகர்கள் உதவி செய்வதில்லை. முதலில் இந்தக் கேள்விகளுக்குக் கணவனும் மனைவியும் தமக்குள் பதில் தேடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையிடம் பேசும்போது குரலிலேயே தயக்கம் தெரிந்துவிடும்.

நம் மரபுக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது. சுவீகாரம் போகும் பிள்ளை, தன்னை எடுத்துக்கொண்ட குடும்பத்தின் கோத்திரத்தையும் குலதெய்வத்தையும் பங்காளி உறவையும் ஏற்கிறது. பிறந்த குடும்பத்தின் பெயர் ஊருக்கே தெரிந்திருந்தும் அந்த ஏற்பில் எவரும் குறை காண்பதில்லை. பாரதக் கதையில் திருதராட்டிரனும் பாண்டுவும் வியாசர் வழிப் பிறந்தவர்கள் என்பதும், பாண்டவர் ஐவரும் பாண்டுவின் பிள்ளைகளாகவே அரசுரிமை கேட்டார்கள் என்பதும் தெருக்கூத்து பார்த்த பாட்டிக்கும் தெரியும். அந்தக் கதையில் மறைக்கப்பட்ட பிறப்பு ஒன்றே ஒன்று, கர்ணனுடையது. அது என்ன ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டி வந்தால், மரபணு, குரோமோசோம் என்று தொடங்குவதைவிட இங்கிருந்து தொடங்குவது பலன் தரும்.

தாய்மாமன் உறவும் அவ்வாறே. அவன் அந்த உரிமையைப் பெறுவது தன் அக்காளின் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து. வளைகாப்புக்கு வளையல் கொண்டுவந்து, பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்து, சீர் செய்து அதைக் காக்கிறான். கருமுட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் இல்லை. பத்து மாதம் சுமந்து பெற்றவள் அவனுடைய அக்காள்தான் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 31ஆம் பிரிவின்படி, இவ்வாறு பிறக்கும் பிள்ளை சிகிச்சையை நாடிய தம்பதியின் உயிரியல் பிள்ளையாகவே கருதப்படும். இயற்கையாகப் பிறந்த பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு. கொடையாளர் பெற்றோர் உரிமை அனைத்தையும் துறந்தவராகிறார். ஆகவே பூர்வீகச் சொத்தில் பங்கு போய்விடும் என்ற அச்சத்தால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. பங்காளி ஒருவர் மிரட்டினாலும் சட்டம் பிள்ளையின் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த ஒப்புதல் படிவங்கள்.

முறை தவறிய திருமணம் நடந்துவிடுமோ என்ற அச்சம் ஒன்று மிஞ்சுகிறது. பங்காளி முறைக்குள் கல்யாணம் ஆகாது என்று வளர்ந்த நமக்கு, ஒரே கொடையாளரின் இரு பிள்ளைகள் அறியாமல் மணந்துகொள்ளும் வாய்ப்பு மற்ற எவரையும்விட அதிகமாக உறுத்தும். ஒரு கொடையாளர், ஒரு தம்பதி என்ற விதி 2022க்குப் பின் பிறந்தவர்களுக்கு இதைப் பெருமளவு நீக்குகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. வாய்ப்பு மிகக் குறைவுதான் என்றாலும், தன் பிறப்பை அறிந்த பிள்ளை வரன் முடிவாகும் நேரத்தில் இருவருக்கும் டிஎன்ஏ ஒப்பீடு செய்துகொள்ளலாம், அறியாத பிள்ளைக்கு அந்தத் தேவையே தோன்றாது. ஜாதகப் பொருத்தத்துக்கு இத்தனை நாள் செலவழிக்கும் சமூகத்துக்கு இது பெரிய வேலை ஆகாது.

எப்போது, எந்தச் சொற்களில்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்போக் குழுவினர், கருமுட்டைக் கொடை, விந்துக் கொடை, வாடகைத் தாய் முறை ஆகியவற்றால் பிறந்த பிள்ளைகள் உள்ள பிரிட்டன் குடும்பங்களைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து இருபது வயது வரை தொடர்ந்து கவனித்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 65 குடும்பங்கள் கொண்ட சிறிய ஆய்வுதான். கொடை வழிப் பிறந்தவர்களின் மனநலமும் குடும்ப உறவும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை என்றும், ஏழு வயதுக்கு முன்பே தம் பிறப்பை அறிந்தவர்களுக்குத் தாயுடனான உறவு மேலும் நன்றாக இருந்தது என்றும் அது காட்டியது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், சின்ன வயதில் கேட்ட செய்தி அதிர்ச்சியாக இருப்பதில்லை என்பது ஆய்வு இல்லாமலே புரியக்கூடியது.

ஆகவே மூன்று, நான்கு வயதில், குழந்தை எங்கிருந்து வந்தேன் என்று கேட்கும்போது தொடங்குங்கள். தனியாக உட்கார வைத்து, கதவைச் சாத்தி, முக்கியமான செய்தி என்ற பாவனையோடு சொல்ல வேண்டாம். தூங்க வைக்கும்போது சொல்லும் கதைகளில் ஒன்றாக அது இருக்கட்டும். வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். கருமுட்டைக் கொடை என்றால் இப்படித் தொடங்கலாம்: "ஒரு பாப்பா வரணும்னா அம்மாகிட்டேருந்து ஒரு குட்டி முட்டை வேணும், அப்பாகிட்டேருந்து ஒரு அணு வேணும். அம்மாவோட முட்டை சரியா வளரல. அப்போ ஒருத்தங்க அவங்க முட்டையில ஒண்ணு குடுத்தாங்க. டாக்டர் அதை அப்பாவோட அணுவோட சேர்த்து அம்மா வயித்துல வச்சாங்க. நீ அங்கதான் வளர்ந்தே." விந்துக் கொடை என்றால் அதையே மாற்றிச் சொல்லுங்கள், அப்பாவே சொல்வது நல்லது, ஏனெனில் அவர் வாயிலிருந்து வராதவரை பிள்ளை அதை அப்பாவை நோகடிக்கும் பேச்சாகவே எண்ணும். அவங்க யாரு என்று கேட்டால், "நமக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட எழுதி வச்சிருக்காங்க, நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க" என்பதே முழு உண்மை. அதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

கொடையாளரைக் குறிக்க உறவுச் சொல் எதையும் பயன்படுத்தாதீர்கள். நமக்குப் பழக்கம், தெருவில் வழி கேட்பவரும் அண்ணன், காய் விற்பவரும் அக்கா. ஆனால் குழந்தைக்கு அந்தச் சொற்கள் உண்மையான உறவுகள். மாமா என்றால் அவர் மகள் முறைப்பெண் ஆகிறாள். சித்தப்பா என்றால் அவர் பிள்ளைகள் பங்காளிகள். "இன்னொரு அம்மா" என்றால் அந்த அம்மா ஏன் என்னைப் பார்க்க வருவதில்லை என்ற கேள்வி மறுநாள் வரும். "குடுத்தவங்க" போதும். தேவதை, சாமி அனுப்பியவர் என்ற பேச்சையும் தவிர்க்கலாம். கருமுட்டை எடுப்பதற்கு ஒரு பெண் பத்து நாள் அளவுக்கு ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்து ஏற்று, வலியைத் தாங்கியிருக்கிறாள். அவளுக்கும் வீடும் கடனும் காரணங்களும் இருந்திருக்கும். கருமுட்டை விற்பனை குற்றம், கொடையாளருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீடு கட்டாயம் என்றெல்லாம் சட்டம் சொன்னாலும், 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் போலி ஆதார் கொண்டு வயதை மாற்றிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுக்க வைத்த வழக்கு வெளிவந்து, அவளுடைய தாயே கைது செய்யப்பட்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. வளர்ந்த பிள்ளை இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்கும். முறையாகப் பதிவு பெற்ற மையத்தையும் வங்கியையும்தான் நாடினோம் என்று அன்று காட்டக்கூடிய தாள்கள் இருப்பது நல்லது.

ஆறு முதல் பத்து வயது வரை பிள்ளை இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசாது, அல்லது பள்ளியில் போய்ப் பேசிவிடும். இரண்டாவதற்குத் தயாராக இருங்கள். இது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை என்றும், வீட்டுச் செய்திகளை எல்லாரிடமும் சொல்வதில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுப்பது கடினம்தான். அப்பாவின் சம்பளத்தை நாம் வெளியே சொல்லாதது போலத்தான் இதுவும் என்று சொன்னால் குழந்தைக்குப் புரிகிறது. பத்து, பதினொரு வயதில் இனப்பெருக்கப் பாடம் வரும் முன், பழைய கதையை விந்தணு, கருமுட்டை, மரபணு என்ற சரியான சொற்களோடு மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். பிள்ளை கேட்காததால் மறந்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடுவது, சொல்லத் தொடங்கிய பெற்றோரிடமும் காணப்படும் பலவீனம்.

ஜாடைப் பேச்சு தனித் தொல்லை. நம் உறவினர்கள் பிறந்த குழந்தையின் நெற்றியைப் பார்த்து அப்பத்தா ஜாடை என்பார்கள், கால்விரலைப் பார்த்துப் பெரியப்பா என்பார்கள். உண்மை தெரிந்த தாய்க்கு ஒவ்வொன்றும் குத்தலாக இருக்கும். மறுக்கவும் வேண்டாம், பொய்யாக ஆமோதிக்கவும் வேண்டாம். "அவ ஜாடை அவளுது" என்று சிரித்துவிட்டு நகரலாம். பேச்சு, நடை, கோபப்படும் விதம் எல்லாம் கூடி வாழ்வதில் ஒட்டிக்கொள்பவை என்பதால், அப்பத்தாவைப் போலவே முந்தானையைச் செருகும் பேத்தியைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் தாராளமாக ஆமோதிக்கலாம்.

உறவினர்களுக்குச் சொல்லாவிட்டாலும் குழந்தை மருத்துவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது, விந்துக் கொடை வழிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழித் தாத்தாவின் நோயை எழுதி வைப்பது தவறான சிகிச்சைக்கு வழிவகுக்கலாம்.

தனித்து வாழும் பெண்ணும் சிகிச்சை பெற இச்சட்டம் இடமளிக்கிறது. அவர்கள் வீட்டில் அப்பா எங்கே என்ற கேள்வி பேச்சு வந்தவுடனேயே வந்துவிடும் என்பதால் மறைப்பதற்கு வழியே இல்லை. அப்பா இறந்துவிட்டார், வெளிநாட்டில் இருக்கிறார் என்ற பதில்களை மட்டும் சொல்லிவிடாதீர்கள்; முதலாவது ஒரு சாவையும் இரண்டாவது ஒரு காத்திருப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடும்.

காலம் கடந்துவிட்டவர்களுக்கு

பிள்ளைக்குப் பதினைந்தோ இருபத்தைந்தோ ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்றால், இனிச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஆம் என்பதே. ஆனால் நாளைத் தேர்ந்தெடுங்கள். பொதுத் தேர்வு ஆண்டு வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட நாட்கள் வேண்டவே வேண்டாம். அதற்கு வெகு முன்பே சொல்லிவிட வேண்டும். சண்டையின் நடுவில் சொல்லக் கூடாது. பெற்றோரில் ஒருவர் நோய்ப் படுக்கையில் இருக்கும்போது சொல்வது, பிள்ளை கோபப்படும் உரிமையையே பறித்துவிடுகிறது.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், முதல் சில வாக்கியங்களுக்குள் சொல்லிவிடுங்கள்: எங்களுக்கு இன்ன சிக்கல் இருந்தது, இன்ன ஆண்டு இன்ன மையத்தில் கொடையாளரின் விந்தணு கொண்டு சிகிச்சை எடுத்தோம், நீ பிறந்தாய், இத்தனை நாள் சொல்லாதது எங்கள் பயத்தால். உனக்காகத்தான் மறைத்தோம் என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் கோபம் பெரும்பாலும் பிறந்த முறையைப் பற்றியதாக இருக்காது. இத்தனை ஆண்டுகள் தனக்குத் தெரியாமல் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்ததைப் பற்றியதாக இருக்கும். ஆகவே யார் யாருக்குத் தெரியும் என்ற பட்டியலையும் அன்றே சொல்லிவிடுங்கள். கோப்பை அவர்கள் கையில் கொடுங்கள். தம்பி தங்கையிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்க வேண்டாம். அப்படி வாங்கினால் உங்கள் பழைய சுமையை அவர்கள் தோளுக்கு மாற்றுகிறீர்கள். ஒரு பிள்ளை சொந்தக் கருவணுவாலும் மற்றது கொடையாலும் பிறந்திருந்தால், இரண்டு பேரிடமும் ஒரே வாரத்துக்குள் பேசிவிடுவது நல்லது.

பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன கிடைக்கும்

இந்தியாவில் மிகக் குறைவு. 2005ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பதினெட்டு வயதான பிள்ளை கொடையாளரின் பெயர், முகவரி தவிர்த்த தகவல்களைக் கேட்கலாம் என்று இடம் வைத்திருந்தன. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைக்கென்று அப்படி ஒரு பிரிவு இல்லை. தேசியப் பதிவகத்துக்கு அனுப்புவது, மருத்துவ நெருக்கடியில் தம்பதியர் கேட்பது, நீதிமன்ற ஆணை ஆகிய வழிகளில் மட்டுமே தகவல் மையத்தை விட்டு வெளியேற முடியும். இதை ஒப்பிட்டுப் பார்த்தால், தத்தெடுக்கப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதானதும் தன் பிறப்பு வேரைத் தேடித் தரும்படி தானே விண்ணப்பிக்க 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வழிசெய்திருக்கின்றன. ஒரே நாட்டில், ஒரே வயதில், ஒரே கேள்வியோடு நிற்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வாசல் திறந்திருப்பதும் மற்றவருக்கு மூடியிருப்பதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை.

வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவீடன் 1985 மார்ச் முதலே கொடையாளரை அறியும் உரிமையைப் பிள்ளைக்கு அளித்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1க்குப் பின் பதிவான கொடையாளர்களின் அடையாளத்தைப் பதினெட்டு வயதானவர்கள் கேட்டுப் பெறலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017 மார்ச் 1 முதல், எந்த ஆண்டு பிறந்தவராயினும் கேட்கலாம் என்று பின்னோக்கியே சட்டம் செய்தது. கொடையாளரைப் பல ஆண்டுகள் தேடி, கண்டடைந்த சில வாரங்களில் 2013இல் குடற்புற்றுநோயால் இறந்த நரேல் கிரெச் என்ற பெண்ணின் பெயராலேயே அந்தச் சட்டம் அழைக்கப்படுகிறது. ஆனால் இந்த நாடுகளின் பதிவேடுகளில் இருப்பவை அந்தந்த நாட்டில் நடந்த சிகிச்சைகளே. சென்னையில் சிகிச்சை பெற்று இலண்டனில் பிள்ளையை வளர்க்கும் பெற்றோர், அங்குள்ள பதிவேட்டில் பிள்ளை கேட்டால் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

அந்தப் பிள்ளை வேறொரு வழியில் அறிந்துகொள்ளலாம். எச்சிலைக் குப்பியில் எடுத்து அனுப்பினால் உறவினர் பட்டியலைத் தரும் ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ போன்ற பரிசோதனைகள் மேலைநாடுகளில் பிறந்தநாள் பரிசாகவே கொடுக்கப்படுகின்றன. கொடையாளர் தானே பரிசோதித்திருக்க வேண்டியதில்லை; டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் செய்திருந்தால் நூல் பிடித்துப் போய்விடலாம். 2005ஆம் ஆண்டிலேயே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறு தன் கொடையாளரைக் கண்டுபிடித்த செய்தி வெளிவந்தது. எனவே எந்த மையமும் இன்று தரும் பெயர் மறைப்பு உறுதி, அது தன் பதிவேட்டைத் திறக்காது என்ற அளவுக்குத்தான் செல்லும்.

பிள்ளைக்கு அப்படி ஒரு பொருத்தம் கிடைத்துவிட்டால், அன்றிரவே செய்தி அனுப்பவிடாதீர்கள். மறுமுனையில் இருக்கும் ஒன்றுவிட்ட உறவினருக்குக் கொடை நடந்ததே தெரியாமல் இருக்கலாம். கொடை கொடுத்த பெண்ணின் கணவனுக்கும் மாமியாருக்கும் அது தெரியாமல் இருந்தால், ஒரு வரியில் அவள் வீடு இரண்டாகிவிடும். முதல் கடிதத்தில் கொடை என்ற சொல்லே வேண்டாம். குடும்ப வரலாறு தேடுகிறேன், நமக்குள் உறவு காட்டுகிறது என்ற அளவோடு நிறுத்தி, நேரடியாகக் கொடையாளரிடமே பேச்சு சென்று சேரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். மருத்துவத் தகவல் மட்டும் வேண்டுமா, முகம் பார்க்க வேண்டுமா, உறவு வேண்டுமா என்பதைப் பிள்ளை முன்கூட்டியே தனக்குள் தெளிவு செய்துகொள்வது அவசியம். மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வரக்கூடும். பதிலே வராமலும் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பெற்றோர் இருவருமே திடீரென இல்லாமல் போனால் யார் பிள்ளையிடம் சொல்வார்கள், கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தக் கோப்பின் முதல் பக்கமாக வைத்துவிட்டு, நீங்கள் நம்பும் ஒருவரிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள்.